குன்னூர் ஆறு, கல்லாறு வடிநிலம்: நிலவுருக்களை வரைந்துவிட்டேன், வண்டல் நகர்வை எப்படி வரைவது?

சமவுயரக்கோடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புவியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். நீலகிரியின் கிழக்குப் பக்கத்தில் குன்னூர் ஆறும் கல்லாறும் வடிக்கும் நிலப்பரப்பை, பீடபூமியின் மேலிருந்து மேட்டுப்பாளையம் அருகே பவானியைச் சேரும் இடம் வரை, ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். மேலே 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரம், கீழே மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர். இடைப்பட்ட தூரமோ மிகக் குறைவு.

நிலவுரு வரைபடம் ஒருவாறு முடிந்துவிட்டது. உருண்டு திரண்ட குன்றுகள், அவற்றுக்கிடையே சதுப்பான அகலப் பள்ளத்தாக்குகள், பீடபூமியின் விளிம்பு, அதன் கீழே செங்குத்துச் சரிவு, அடிவாரத்தில் கல்லும் மணலும் பரந்து கிடக்கும் விசிறி என்று அலகுகளைப் பிரித்துவிட்டேன். 2009 நவம்பர் மழையில் ஏற்பட்ட சரிவுகளின் தழும்புகளில் தெரிந்தவற்றைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து வரைந்து சேர்த்திருக்கிறேன். என் வழிகாட்டி இதைப் பார்த்துவிட்டு, "இந்தப் படத்தில் எது நகர்கிறது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

திரும்பி வந்து ஒவ்வொரு தழும்பிலிருந்தும் அருகிலுள்ள ஓடைக்கு ஓர் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். எல்லா அம்புகளும் கீழ்நோக்கியே இருந்தன. மலையில் அவை வேறு எப்படி இருக்கும்? படம் அழகாக வந்ததே தவிர, புதிதாக எதையும் சொல்லவில்லை. சரிந்த மண்ணில் எவ்வளவு ஆற்றுக்குப் போனது, எவ்வளவு வழியில் தங்கியது என்பதை வரைபடத்தில் காட்ட ஏற்கப்பட்ட முறை ஏதேனும் உண்டா? வண்டல் இணைப்புக் குறியீடு என்று ஒன்றைப் பற்றிப் படித்தேன். அதற்காக நிலத்தின் உயரத்தை 12.5 மீட்டர் அளவுள்ள கட்டங்களாகத் தரும் உயரத் தரவைத் தரவிறக்கி வைத்திருக்கிறேன். அது போதுமா, அல்லது களத்தில்தான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பழைய மண்வெட்டி எழுதியது:

தம்பி, மண் பாதுகாப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கணினி முறைகளைப் பற்றி வேறு யாரேனும் சொல்வார்கள், நான் நடந்து பார்த்ததைச் சொல்கிறேன். உங்கள் வழிகாட்டி கேட்ட கேள்வி சரியானதுதான். ஆனால் அதைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டால் வேலை எளிதாகும். எது நகர்கிறது என்று தேடுவதைவிட, எது எங்கே நின்றுவிட்டது என்று தேடுங்கள். நகர்வை நாம் யாரும் நேரில் பார்ப்பதில்லை. அது நள்ளிரவில், கொட்டும் மழையில், சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. நின்ற இடமோ பல ஆண்டுகள் நமக்காகக் காத்திருக்கிறது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். "வண்டல்" என்ற ஒரே சொல்லுக்குள் நாம் சேற்றையும் மணலையும் கூழாங்கல்லையும் பேருந்து அளவுப் பாறையையும் அடைத்துவிடுகிறோம். ஊரில் வண்டல் என்றால் வயலில் படியும் மென்மையான மண்தான். மலையில் இந்த நான்கும் ஒரே சரிவிலிருந்து ஒன்றாகக் கிளம்பினாலும், ஒன்றாக ஒருபோதும் போய்ச் சேர்வதில்லை. சேறு அன்றைக்கே பவானியைக் கலக்கிவிடும். மணல் சில மழைக்காலங்களில் இறங்கும். கூழாங்கல் ஒரு திட்டிலிருந்து அடுத்த திட்டுக்குத் தாவித் தாவிப் போகும். பாறை விழுந்த இடத்திலேயே ஒரு தலைமுறைக்குக் கிடக்கும். எனவே ஒரே அம்புக்குறியால் நான்கையும் காட்ட முயல்வது வீண். குறைந்தது நுண்மண்ணுக்கு ஒரு படம், பருங்கல்லுக்கு ஒரு படம் என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

அடுத்து, உங்கள் வடிநிலம் ஒரே மாதிரியான மலை அன்று. மேலே பீடபூமியில் ஆழமாக உளுத்துப்போன சார்னோகைட் என்ற கருங்கல் போன்ற பாறையின் மேல் பல மீட்டர் கனத்தில் செம்மண் போர்த்தியிருக்கிறது. பள்ளத்தாக்குகள் அகலமானவை, ஓடையின் சரிவு மிகக் குறைவு. அங்கே ஒரு மேடு சரிந்தால் மண் பெரும்பாலும் அடியிலுள்ள சதுப்பில் தங்கிவிடும். விளிம்பைத் தாண்டியவுடன் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. லாஸ் நீர்வீழ்ச்சியும் கேத்தரின் நீர்வீழ்ச்சியும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஆற்றின் நீளவாட்டுச் சரிவு அந்த இடங்களில்தான் முறிகிறது, அதாவது திடீரென்று செங்குத்தாகிறது. அந்த முறிவுக்குக் கீழே சரிவும் ஓடையும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பதால், அங்கே சரிந்தது ஏறக்குறைய நேராக ஓடைக்குள் விழும். 1993 நவம்பரில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள மரப்பாலம் அருகே நடந்த நிலச்சரிவு அப்படிப்பட்டது. 2009 நவம்பர் 10 அன்று ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே உள்ள கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவாகி, மாவட்டம் முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களில் நிலம் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தச் சரிவுகளையெல்லாம் ஒரே குறியில் வரைந்தால், பீடபூமியில் சரிந்து நூறு அடியில் நின்றதும், மலைச்சரிவில் சரிந்து ஆறு வரை போனதும் படத்தில் ஒன்றாகவே தெரியும். எத்தனை சரிவுகள் என்ற கணக்கு வண்டலைப் பற்றி எதையும் சொல்லாது.

ஆகவே ஒவ்வொரு தழும்பின் அடிப்பகுதிக்கும் போய், அது ஓடையைத் தொட்டதா, தொடவில்லையா, தொட்டு ஓடையையே அடைத்ததா என்று பாருங்கள். தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கண்ட சரிவு இன்னும் நினைவில் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் மலையே பிளந்ததுபோல் சிவப்பாகக் கிடந்தது. கீழே இறங்கிப் பார்த்தபோது, மண் முழுவதும் நான்கைந்து தேயிலை வரிசைகளைச் சாய்த்துவிட்டு அதற்கடுத்த வரிசையின் வேர்ப்பிடிப்பில் மடிந்து நின்றிருந்தது. செடிகளின் தூரில் ஒரு முழம் உயரத்துக்கு மண் அணைத்திருந்தது. அந்த வரிசைக்குக் கீழே புல்லின் மேல் மெல்லிய செம்பூச்சு மட்டும் இருந்தது. ஓடைக்குப் போனது அந்தப் பூச்சு அளவுதான். இதை எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் நீங்கள் பார்த்திருக்க முடியாது.

சாலையையும் இரயில் பாதையையும் மறந்துவிடாதீர்கள். தடுப்புச்சுவர் மண்ணைப் பிடித்து வைக்கும். சாலையோரக் கால்வாயோ இயற்கையில் இல்லாத புதிய ஓடையாகி, ஒரு சரிவின் நீரைக் கொண்டுபோய் வேறொரு சரிவின் தலையில் கொட்டும். மலை இரயில் பாதையில் மண் விழுந்து சேவை நிறுத்தப்படும் செய்தி மழைக்காலம்தோறும் வருகிறதே, அந்த மண்ணை அள்ளி எங்கே போடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அள்ளிப் போட்ட இடமும் உங்கள் வரைபடத்தில் ஒரு நிலவுருதான்.

---

முப்பது மீட்டர் எழுதியது:

பெரியவர் சொன்னதற்குப் பிறகு கணினிப் பக்கத்தை மட்டும் நான் நிரப்புகிறேன்.

முதலில் அந்த 12.5 மீட்டர் தரவு. அது ஜப்பானின் ஆலோஸ் செயற்கைக்கோள் எடுத்த பால்சார் ரேடார் படங்களோடு கிடைக்கும் தரவு என்றால் எச்சரிக்கையாக இருங்கள். மேடுபள்ளத்தால் ரேடார் படத்தில் வரும் திரிபைத் திருத்துவதற்காக, நம் பகுதிக்கு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்த 30 மீட்டர் எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவை எடுத்து, சிறு கட்டங்களாக மறுமாதிரி செய்து அதனுடன் கொடுத்திருக்கிறார்கள். கட்டம் சிறிதானதே தவிர, உள்ளே இருக்கும் தகவல் கூடவில்லை. இதைத் தெரியாமல் உயர்தரத் தரவு என்று ஆய்வேட்டில் எழுதி, வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. எஸ்.ஆர்.டி.எம். 2000 பிப்ரவரியில் எடுத்தது. ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் 30 மீட்டர் தரவு 2011 முதல் 2015 வரையிலான ரேடார் அளவீடுகளிலிருந்து செய்யப்பட்டது. செங்குத்தான இடங்களில் என் அனுபவத்தில் அதுவே தெளிவாக இருக்கிறது. இஸ்ரோவின் புவன் இணையதளத்தில் கிடைக்கும் கார்ட்டோசாட் செயற்கைக்கோள் தரவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றுமே தரையை மட்டும் காட்டுபவை அல்ல. கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்பும் சீகைக் (வாட்டில்) காடும் இருக்கும் இடத்தில் மரத்தின் உயரமும் மலையின் உயரத்தோடு சேர்ந்துவிடும். தோப்பின் ஓரத்தில் திடீரென்று ஒரு செங்குத்து விளிம்பு தெரிந்தால், அதை நிலவுரு என்று வரைந்துவிடாதீர்கள்.

வண்டல் இணைப்புக் குறியீட்டை 2008-இல் போர்செல்லி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் முன்வைத்தார்கள். 2013-இல் கவல்லி என்ற ஆய்வாளரின் குழுவினர் மலை வடிநிலங்களுக்கு ஏற்ப அதை மாற்றினார்கள். ஒரு புள்ளிக்கு மேலே எவ்வளவு பரப்பிலிருந்து, எவ்வளவு சரிவோடு மண் வரக்கூடும் என்பது ஒரு பக்கம். அந்தப் புள்ளியிலிருந்து ஓடை வரை உள்ள பாதை எவ்வளவு நீளம், எவ்வளவு தட்டை, எவ்வளவு தடை நிறைந்தது என்பது மறுபக்கம். முதலாவதை இரண்டாவதால் வகுத்து மடக்கை எடுக்க வேண்டும். மதிப்பு கூடினால் அந்த இடம் ஓடையோடு நன்றாக இணைந்திருக்கிறது என்று பொருள். கணக்கைச் செய்ய இலவச மென்பொருள் இருக்கிறது, ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அதனால்தான் இதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயம்.

கவல்லி முறையில் தடையின் அளவு, நிலப்பரப்பின் கரடுமுரடிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆல்ப்ஸ் மலையில் சில மீட்டர் கட்ட அளவுள்ள லேசர் அளவீட்டுத் தரவு இருந்ததால் அது பொருந்தியது. நம்மிடம் உள்ள 30 மீட்டர் கட்டத்தில் தேயிலை வரிசையும் தெரியாது, காய்கறிப் படிக்கட்டு நிலமும் தெரியாது. எனவே போர்செல்லியின் பழைய வழியில், நிலப்பயன்பாட்டை வைத்துத் தடை மதிப்பைக் கொடுப்பதே உங்களுக்குப் பொருந்தும். சோலைக்காட்டுக்கும் நிலத்தை நெருக்கமாக மூடிய தேயிலைக்கும் அதிகத் தடை, அறுவடை முடிந்து திறந்து கிடக்கும் கேரட் நிலத்துக்கு மிகக் குறைந்த தடை என்று கொடுங்கள்.

இன்னும் இரண்டு இடங்களில் பலர் தவறுகிறார்கள். உயரத் தரவில் உள்ள பள்ளங்களை நிரப்பும் கட்டளையை யோசிக்காமல் ஓட்டினால், பெரியவர் சொன்ன சதுப்புகள் தட்டையாக நிரவப்பட்டு, நீர் நிற்காமல் ஓடுவதுபோல் கணக்கில் வந்துவிடும். சரிவு பூச்சியமாகிக் கணக்கு உடையக் கூடாது என்பதற்காக அம்முறையில் மிகக் குறைந்த சரிவு 0.005 என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே வரைபடத்தில் எங்கெல்லாம் அந்த மதிப்பு பரவலாக வருகிறதோ, அவையே நீங்கள் களத்தில் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய தேக்க இடங்கள். அடுத்தது, எதை இலக்காக வைக்கிறீர்கள் என்பது. பவானியில் சேரும் புள்ளியை இலக்காக வைத்தால் வருவது ஒரு படம், எல்லா ஓடைகளையும் இலக்காக வைத்தால் வருவது வேறு படம். இரண்டையும் செய்து அருகருகே வைத்தால், "ஓடை வரை போகும், ஆனால் பவானி வரை போகாது" என்ற பகுதி தானாகப் பிரிந்து தெரியும். என் கருத்தில் உங்கள் ஆய்வின் மையமே அந்தப் பகுதிதான்.

தழும்புகளை வரைந்ததைப் பற்றியும் ஒன்று. நவம்பரில் மேகம் விலகாது. ஜனவரிப் படமோ தெளிவாக இருந்தாலும், செயற்கைக்கோள் கடக்கும் காலை வேளையில் சூரியன் தென்கிழக்கில் தாழ்ந்து நிற்பதால், வடமேற்கு நோக்கிய சரிவுகள் நிழலில் மூழ்கிவிடும். அங்கே தழும்பு இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். மேலும் 1:50,000 அளவில் பத்து மீட்டர் அகலத் தழும்பு 0.2 மில்லிமீட்டர்தான் வரும். அதைப் பரப்பாக வரைய முயலாமல் புள்ளிக் குறியாகக் காட்டுவதே நேர்மை.

---

சமவுயரக்கோடு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. 12.5 மீட்டர் தரவு குறித்த செய்தி அதிர்ச்சியாக இருந்தது. ஆய்வேட்டின் இரண்டாம் இயலைத் திருத்தியாக வேண்டும். இலக்கை மாற்றி இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். முறிவுக்கு மேலே உள்ள பீடபூமிப் பகுதி, பவானியை இலக்காக வைத்த படத்தில் ஏறக்குறைய முழுவதும் துண்டிக்கப்பட்டதாக வருகிறது.

களத்தில் எனக்கு ஓர் ஐயம். மலைச்சாலைக்குக் கீழே, ஓடையிலிருந்து ஏறத்தாழ நாற்பது மீட்டர் உயரத்தில், ஒரு வெட்டுமுகத்தில் நன்றாக உருண்ட பெரிய கற்கள் செம்மண்ணுக்குள் பதிந்திருப்பதைக் கண்டேன். ஆறு முன்பு அந்த உயரத்தில் ஓடியதற்கான பழைய படிமேடு என்று வரைந்திருக்கிறேன். இது சரியா?

---

கூழாங்கல் எழுதியது:

நண்பரே, பெரும்பாலும் சரியாக இராது. நீலகிரியில் புதிதாக வரைபவர்கள் அனைவரும் விழும் குழி இது; நானும் விழுந்திருக்கிறேன்.

சார்னோகைட் பாறை, விரிசல்களின் வழியே நீர் இறங்கி, மூலைகள் முதலில் உளுத்து, வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரியும். நடுவில் உளுக்காத பகுதி உருண்டையாக எஞ்சி நிற்கும். அது ஆற்றையே பார்க்காத கல். அதை ஆற்றுக்கல்லிலிருந்து பிரித்தறியச் சுத்தியலும் பொறுமையும் போதும். கல்லைச் சுற்றி விரலால் சுரண்டிப் பாருங்கள். துருநிறத்தில், நொறுங்கும் ஓடு ஒன்று கல்லை ஒட்டியிருந்து, அதற்கு வெளியே உள்ள மண்ணிலும் பாறையின் பழைய விரிசல் கோடு தொடர்ந்து போனால், அந்தக் கல் பிறந்த இடத்திலேயே இருக்கிறது. ஆறு உருட்டிய கல்லில் அந்த ஓடு இருக்காது. மேற்பரப்பு வழுவழுப்பாகவும், ஒன்றோடொன்று மோதிய சிறு பிறைவடிவத் தழும்புகளோடும் இருக்கும். அருகிலுள்ள கற்களும் பல வகைப் பாறைகளாகக் கலந்திருக்கக்கூடும்.

கற்கள் கிடக்கும் ஒழுங்கையும் பாருங்கள். ஓடும் நீர் அடுக்கிய கற்கள் கூரையில் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, அவற்றின் தட்டைப் பக்கம் நீர் வரும் திசையை நோக்கித் தாழ்ந்திருக்கும். சேறும் கல்லும் கலந்து குழம்பாக இறங்கிய சரிவில் எந்த ஒழுங்கும் இராது. பெரிய கல்லும் சிறிய கல்லும் ஒன்றையொன்று தொடாமல் களிமண்ணில் மிதப்பதுபோல் பதிந்திருக்கும். பெரிய பாறைகள் முன்முனையிலும் இரு ஓரங்களிலும் ஒதுங்கியிருக்கும். ஒரே உயரத்தில், ஒரே ஓடையோரத்தில், இந்த மூன்று வகைக் கற்களும் அடுத்தடுத்து இருக்கக்கூடும் என்பதால், தொலைவிலிருந்து எடுத்த புகைப்படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இது பெயர் வைப்பதில் வரும் சிறு பிழை அன்று. நீங்கள் அதைப் படிமேடு என்று வரைந்தால், ஆறு அங்கே வண்டலைச் சேமித்து வைத்திருக்கிறது என்று பொருளாகும். உண்மையில் அது இன்னும் நகரத் தொடங்காத மலை. அடுத்த பெருமழையில் அந்த உருண்டைகள் அப்படியே ஓடைக்குள் இறங்கி, முதல் நாளிலேயே உருண்ட கற்களாக ஆற்றில் சேரும். எனவே கல்லாற்றின் அடிவாரத்தில் உருண்ட கற்களைக் கண்டு, அவை நெடுந்தொலைவு பயணித்தவை என்றும் முடிவுகட்ட முடியாது. பெயரிலேயே கல்லைச் சுமந்திருக்கும் ஆறு அது. அதில் எது ஆறு உருட்டியது, எது மலை உருட்டிக் கொடுத்தது என்று பிரிப்பதே பெரிய வேலை.

பருங்கல் படத்துக்கு ஓர் எளிய அளவீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1954-இல் வோல்மன் என்ற ஆற்றியல் ஆய்வாளர் சொன்ன முறைதான். கல் திட்டின் குறுக்கே நடந்து, ஒவ்வோர் அடியிலும் குனிந்து பார்க்காமல் கால்விரல் நுனியில் தட்டுப்படும் கல்லை எடுத்து, அதன் நீள அச்சையும் குட்டை அச்சையும் விட்டு இடைப்பட்ட அச்சை அளக்க வேண்டும். ஒரு திட்டுக்கு நூறு கற்கள். பார்த்து எடுத்தால் கண் அழகான கல்லையே தேடும், கணக்கு பருத்துவிடும். முறிவுக்கு மேலே இரண்டு இடம், கீழே இரண்டு இடம், அடிவாரத்தில் இரண்டு இடம் என்று அளந்தால், கணினி துண்டிக்கப்பட்டது என்று சொல்லும் இடத்தில் கற்களின் அளவும் உண்மையில் துண்டிக்கப்படுகிறதா என்று தெரிந்துவிடும்.

---

மலைக்காய்கறி எழுதியது:

ஆய்வாளர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பீடபூமியில், பள்ளத்தாக்கின் அடியில் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் குடும்பம் எங்களுடையது. மேலே சரிந்த மண் சதுப்பில் தங்கிவிடும் என்று பெரியவர் எழுதியதையும், கணினியும் அதையே சொல்கிறது என்று கேள்வி கேட்டவர் எழுதியதையும் படித்தேன். எங்கள் தாத்தா காலத்தில் அது உண்மை. மாடு இறங்கினால் கால் புதையும் நிலமாக அது இருந்ததாம்.

இப்போது அங்கே சதுப்பு எங்கே இருக்கிறது? நடுவில் ஆழமாகக் கால்வாய் வெட்டி, நீரை வடியவிட்டு, இருபுறமும் பாத்தி போட்டிருக்கிறோம். மழை பெய்தால் மேட்டிலிருந்து வரும் செந்நீர் பாத்தியைத் தொடாமல் அந்தக் கால்வாய் வழியாகவே போய்விடும், அதற்காகத்தான் வெட்டினோம். கால்வாயின் கரையும் ஆண்டுதோறும் இடிகிறது. இடிந்த இடத்தில் பார்த்தால், கறுப்பு மண் அடுக்கும் செம்மண் அடுக்கும் மாறி மாறி ஓர் ஆள் உயரத்துக்குத் தெரிகின்றன. முன்பு தங்கியதெல்லாம் இப்போது புறப்பட்டுக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் 30 மீட்டர் கட்டத்தில் எங்கள் நான்கடிக் கால்வாய் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

---

முப்பது மீட்டர் எழுதியது:

தெரியாது. இந்த இழையில் எல்லாரையும்விட முக்கியமான செய்தியைச் சொன்னவர் நீங்கள்தான், மன்னிப்பு எதற்கு?

கேள்வி கேட்டவருக்கு: அந்தக் கால்வாய்களைக் களத்தில் ஜி.பி.எஸ். கொண்டு நடந்து, கோடாகப் பதிவு செய்து, உயரத் தரவில் அந்தக் கோட்டின் வழியே கட்டங்களைத் தாழ்த்தி, குறியீட்டை மறுபடி கணக்கிடுங்கள். கால்வாய் இல்லாமல் ஒன்று, கால்வாயோடு ஒன்று. பீடபூமி இரண்டாவது படத்தில் எவ்வளவு இணைகிறது என்பதைக் காட்டினால், உங்கள் வழிகாட்டியின் கேள்விக்கு நேரடியான பதில் கிடைத்துவிடும்.

---

பழைய மண்வெட்டி எழுதியது:

விவசாய நண்பர் திருத்தியது சரி. நான் பணியில் சேர்ந்த காலத்துச் சதுப்பை மனத்தில் வைத்தே எழுதிவிட்டேன். தம்பி, இடிந்த கரையில் அவர் சொல்லும் கறுப்பு, சிவப்பு அடுக்குகளை நாடா பிடித்து அளந்து, ஒவ்வோர் அடுக்கின் கனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்பு அடுக்கு நிலம் அமைதியாக இருந்து புல் மட்கிய காலம், சிவப்பு அடுக்கு மேடு சரிந்த காலம் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஜனவரியில் போக வேண்டாம், அதற்குள் கரையைச் செதுக்கிச் சரிசெய்துவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழை ஓய்ந்த மறுவாரமே போங்கள், வெட்டுமுகம் புதிதாக இருக்கும். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுப் பாத்தியை மிதிக்காமல் இறங்குங்கள்.